பாராட்டா, திருத்தமா: கை எதிலிருந்து கற்கிறது?

உங்கள் கேள்வி இது: மகள் இரண்டு ஆண்டுகளாக டேபிள் டென்னிஸ் பழகுகிறாள். முதலில் இருந்த பயிற்சியாளர் ஒவ்வொரு அடிக்கும் தவறைச் சொல்லிக்கொண்டே இருப்பார். இப்போது வந்திருப்பவர் தவறைப் பற்றி வாயே திறப்பதில்லை. பந்து நன்றாக விழுந்தால் மட்டும் "சபாஷ்" என்கிறார். இருவரில் யார் செய்வது சரி, உடல் எதிலிருந்து கற்றுக்கொள்கிறது?

பக்கவாதமும் சிறுமூளைப் பாதிப்பும் வந்தவர்களுக்குக் கைகால் அசைவை மீட்டுத் தருவது என் தொழில். அதற்கு முன் சில ஆண்டுகள் இயக்கக் கற்றலை ஆராயும் கூடம் ஒன்றில் இருந்தேன். அந்த இரண்டு இடங்களிலிருந்தும் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: இரு பயிற்சியாளர்களும் தங்கள் குரலுக்கு அதன் தகுதியை மீறிய மதிப்பைக் கொடுக்கிறார்கள். கை கற்பது பெரும்பாலும் பந்திடமிருந்து. பந்து இரண்டு விதமான செய்திகளைத் தருகிறது. ஒன்று பிழை, மற்றொன்று வெகுமதி. திட்டுவதும் பாராட்டுவதும் அந்த இரண்டின் வேறு பெயர்கள் என்று நினைத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

முதலில் அந்த இரண்டு செய்திகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டிவிடுகிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு சரியாக மூன்று அங்குல நீளக் கோடு ஒன்றை வரையுங்கள். பக்கத்தில் இருப்பவர் ஒன்றுமே சொல்லாவிட்டால் நூறு முறை வரைந்தாலும் முன்னேற்றம் இருக்காது. தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் இப்படிக் கோடு வரையச் சொல்லிப் பார்த்தார். வெறும் திரும்பத் திரும்பச் செய்தல் எதையும் கற்றுத்தருவதில்லை என்பதே அவர் கண்டது. 1932இல் ட்ரௌபிரிட்ஜ், கேசன் என்ற இருவர் இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்தார்கள். ஒரு குழுவினரிடம் "சரி", "தவறு" என்று மட்டும் சொன்னார்கள். இன்னொரு குழுவினரிடம் எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குக் கணக்கில் சொன்னார்கள். இரு குழுக்களும் முன்னேறின. அளவு சொல்லப்பட்ட குழு வெகுவாக முந்தியது.

காரணம் எளிது. "அரை அங்குலம் கூடிவிட்டது" என்ற செய்தியில் திசையும் இருக்கிறது, அளவும் இருக்கிறது. அடுத்த முறை எந்தப் பக்கம், எவ்வளவு திருத்த வேண்டும் என்பது அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. "தவறு" என்ற செய்தியில் இரண்டுமே இல்லை. கூடியதா, குறைந்ததா என்று நீங்கள்தான் தேடிப் பார்க்க வேண்டும். "சரி" என்பதிலும் திசை இல்லை. இருந்த இடத்திலேயே இரு என்பதோடு அது நின்றுவிடும். நான் பிழை என்று சொல்வது முதல் வகைச் செய்தியை. வெகுமதி என்று சொல்வது இரண்டாவது வகையை. இதில் மனம் நோவதற்கும் குளிர்வதற்கும் இன்னும் இடமே வரவில்லை, கவனியுங்கள்.

இனி நான் சோதனைப் பொருளாக உட்கார்ந்த ஒரு மதியத்தைச் சொல்ல வேண்டும். மேசைக்கு மேலே கிடைமட்டமாக ஒரு திரை. அதன் அடியில் என் வலக்கை. கையில் ஒரு பேனா. கை கண்ணுக்குத் தெரியாது, திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் பேனாவின் இடத்தைக் காட்டும். நடுவிலிருந்து புறப்பட்டு ஒரு சாண் தொலைவில் இருக்கும் வட்டத்தை ஒரே வீச்சில் தொட வேண்டும். முதல் அறுபது எழுபது வீச்சுகள் சலிப்பூட்டும் அளவுக்குச் சுலபமாக இருந்தன. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் திரையில் ஒரு திருகலைப் புகுத்தினார்கள்: கை நேராகப் போனால் புள்ளி 30 பாகை வலப்புறம் விலகிப் போகும். முதல் வீச்சு வட்டத்தை விட்டு எங்கோ போனது. இரண்டாவதும் அப்படியே. பத்தாவது வீச்சுக்குள் விலகல் பாதியாகக் குறைந்திருந்தது. முப்பது நாற்பது வீச்சுகளுக்குப் பிறகு புள்ளி மறுபடியும் வட்டத்துக்குள் விழத் தொடங்கியது. கை இடப்புறம் சாய்ந்து போகிறது என்பதே எனக்கு உறைக்கவில்லை. நேராகப் போவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுவாரசியம் அதற்குப் பின்னால்தான். "திருகலை எடுத்துவிட்டோம், இனி எல்லாம் இயல்பு" என்று சோதனை நடத்தியவர் காதருகே வந்து சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு வீசினேன். புள்ளி இடப்புறம் விலகி ஓடியது. தெரிந்திருந்தும் மறுபடி இடப்புறம். எனக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. வாய்ச்சொல்லால் தொட முடியாத ஏதோ ஒன்று கற்றுக்கொண்டிருக்கிறது என்பதை அன்று என் சொந்தத் தோளில் உணர்ந்தேன். பார்க்கும் காட்சியை ஒருபக்கமாக விலக்கிக் காட்டும் முப்பட்டகக் கண்ணாடி அணிந்து ஒரு பொருளைச் சுட்டிக் காட்டப் பழகியவர்கள் கண்ணாடியைக் கழற்றியதும் எதிர்ப்பக்கம் தவறுவதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிவியலாளர் பதிவு செய்திருந்தார். இந்தப் பின்விளைவு புதிய செய்தி அல்ல, அனுபவிக்கும்போதுதான் திகைப்பு.

இந்தப் பிடிவாதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மட்சோனி, கிராக்கவர் என்ற ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையைவிட நல்ல சாட்சி இல்லை. அவர்கள் 45 பாகைத் திருகலைப் புகுத்தினார்கள். கூடவே அதை முறியடிக்கும் தந்திரத்தையும் சொல்லிக்கொடுத்தார்கள். "உங்கள் இலக்குக்குப் பக்கத்து வட்டத்தை நோக்கி வீசுங்கள், புள்ளி சரியான இலக்கில் விழும்." அடுத்த வீச்சிலேயே பிழை மறைந்தது. இலக்கு கிடைத்துவிட்டது, வேலை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் வீச வீச அவர்கள் கை மெல்ல மெல்ல இன்னும் விலகிப் போய், பிழை வளரத் தொடங்கியது. வெற்றி கிடைத்துக்கொண்டிருக்கும்போதே உடல் தன்பாட்டுக்கு எதையோ "திருத்தி"க்கொண்டிருந்தது.

எதைத் திருத்தியது? இங்கே பிழை என்ற சொல்லையே இரண்டாகப் பிளக்க வேண்டியிருக்கிறது. இலக்குக்கும் புள்ளி விழுந்த இடத்துக்கும் உள்ள தொலைவு ஒரு பிழை. நான் ஓங்கிய திசையில் புள்ளி போகும் என்று மூளை முன்கூட்டியே போட்ட கணக்குக்கும், அது உண்மையில் போன திசைக்கும் உள்ள இடைவெளி இன்னொரு பிழை. தந்திரம் முதல் பிழையைப் பூச்சியமாக்கிவிட்டது. இரண்டாவது அப்படியே 45 பாகையாக நின்றது, ஏனென்றால் அவர்கள் ஓங்கியது பக்கத்து வட்டத்தை, புள்ளி போனதோ வேறிடத்துக்கு. நம்மை அறியாமல் கற்கும் பகுதிக்கு இரண்டாவது பிழைதான் பெரிதாகப் படுகிறது. நீங்கள் வென்றீர்களா தோற்றீர்களா என்று அது அதிகம் கேட்பதில்லை. கணக்கு ஒத்துப்போனதா என்று கேட்கிறது.

2017இல் வந்த இன்னொரு சோதனை இதை ஏறக்குறைய கேலியாகவே ஆக்கிவிட்டது. புள்ளி எப்போதும் இலக்கிலிருந்து குறிப்பிட்ட பாகை தள்ளித்தான் போகும், கையை எந்தப் பக்கம் கொண்டுபோனாலும் அதன் திசை மாறாது. பங்கேற்றவர்களிடம் இதை விளக்கி, "புள்ளியைப் பொருட்படுத்த வேண்டாம், இலக்கை நோக்கி நேராக வீசுங்கள்" என்று தெளிவாகச் சொன்னார்கள். இருந்தும் வீச்சுக்கு வீச்சு அவர்கள் கை எதிர்ப்பக்கமாக நகர்ந்துகொண்டே போனது. பொய்யென்று தெரிந்த பிழைக்கும் உடல் பதில் சொன்னது. இதே உத்தியில் பின்னர் இலக்கு வட்டத்தைப் பெரிதாக்கி, அந்தப் பொய்ப் புள்ளி இலக்குக்குள்ளேயே விழுமாறு செய்தபோது இந்த நகர்வு குறைந்தது. ஆக, வெற்றி என்ற செய்தி இந்தப் பகுதியின் காதில் விழவே விழாது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. இரண்டு கால்வாய்களுக்கும் இடையே எங்கோ கசிவு இருக்கிறது.

பிழையிலிருந்து கற்கும் இந்த வேலையின் தலைமையகம் சிறுமூளை. அங்கே உள்ள பர்கின்ஜி செல் என்ற பெரிய நரம்புச் செல் ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இழைகள், உடல் இப்போது எங்கே இருக்கிறது, என்ன ஆணை போயிருக்கிறது போன்ற தகவல்களைக் கொண்டுவருகின்றன. அதோடு ஒரே ஒரு தடித்த இழை, ஏறும் இழை என்பது அதன் பெயர், செல்லைக் கொடி போலச் சுற்றிக்கொண்டு ஏறுகிறது. அது விநாடிக்கு ஏறத்தாழ ஒரு முறைதான் பேசும், ஆனால் பேசினால் செல் அதிரும். 1969இல் டேவிட் மார், 1971இல் ஜேம்ஸ் ஆல்பஸ் இருவரும் இந்த இழைதான் ஆசிரியர் என்று ஊகித்தார்கள். கற்றலுக்கான அறிவுறுத்தல் இதன் வழியாகத்தான் வருகிறது என்றார்கள். ஜப்பானிய ஆய்வாளர் மசாவோ இட்டோ பிற்பாடு அதற்கு உயிரியல் சான்றைக் காட்டினார்: ஏறும் இழையும் மெல்லிய இழைகளும் சேர்ந்து இயங்கும்போது அந்த மெல்லிய இழைகளின் இணைப்பு வலுவிழக்கிறது. அதாவது தவறுக்குத் துணைபோன இணைப்புகள் கொஞ்சம் தளர்த்தப்படுகின்றன. இந்தக் கதையின் விவரங்களில் இன்றும் சண்டை இருக்கிறது, எலும்புக்கூடு நிற்கிறது. சிறுமூளை பழுதானவர்கள் முப்பட்டகக் கண்ணாடிக்கு இசைந்து பந்தெறியப் பழகத் திணறுகிறார்கள் என்பதும் பலமுறை காட்டப்பட்டிருக்கிறது.

உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இந்த எந்திரம் அவசரக்காரர். முப்பட்டகச் சோதனைகளில் கை போய்ச் சேர்ந்த பிறகு விளைவைக் காட்டுவதை ஒரு விநாடியின் சிறு பகுதியளவு தாமதித்தாலே கற்றல் மங்கத் தொடங்கிவிடுகிறது. பயிற்சியாளர் மூச்சு இழுத்து "மணிக்கட்டைக் கொஞ்சம்..." என்று ஆரம்பிப்பதற்குள் அந்தக் கதவு சாத்தப்பட்டிருக்கும். அவருடைய சொல் எங்கேயும் போய்ச் சேராது என்று சொல்லவில்லை. வேறொரு அறைக்குப் போகிறது, யோசித்துத் தந்திரம் வகுக்கும் அறைக்கு. அந்த அறைக்கும் வேலை உண்டு. டெய்லர், கிராக்கவர், ஐவ்ரி மூவரும் 2014இல் பங்கேற்பாளர்களை ஒவ்வொரு வீச்சுக்கும் முன் "எங்கே குறிவைக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பார்த்தார்கள். தொடக்கத்தில் முன்னேற்றம் பெரும்பாலும் குறியை மாற்றிக்கொண்டதால் வந்தது. போகப் போக உடலின் அறியாக் கற்றல் வளர, குறிமாற்றம் தானாகச் சுருங்கியது. புதிதாகக் கற்பவருக்குச் சொல் அதிகம் உதவுவதும் பழகியவருக்கு அதே சொல் இடைஞ்சலாவதும் இதனால்தான் என்பது என் கணிப்பு.

வெகுமதிக்கு வருவோம். இதில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் பெயரைக் கேள்விப்படாதவர் இல்லை, அதைப் பற்றிச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி அபத்தம். "இன்ப வேதிப்பொருள்" என்பது விளம்பர மொழி. வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளின் டோபமைன் செல்களின் துடிப்பைப் பதிவு செய்தபோது தெரியவந்தது வேறு. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அந்தச் செல்கள் சட்டென்று துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு துடிப்பு விளக்குக்கு இடம்பெயர்ந்தது. சாறு வந்த நேரத்தில் அவை பேசாமலிருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராத நாளில், சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் அவற்றின் இயல்பான துடிப்பும் குறைந்தது. ஷுல்ட்ஸ், தயான், மான்டேகு மூவரும் 1997இல் இதற்கு ஒரு கணக்கு வடிவம் கொடுத்தார்கள்: அந்தச் செல்கள் சொல்வது கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. ஆக வெகுமதியும் ஒருவகைப் பிழைச் செய்திதான், திசை இல்லாத பிழை.

இதிலிருந்து "சபாஷ்" பற்றி ஒன்று ஊகிக்கலாம். குரங்கின் பழச்சாற்றிலிருந்து பிள்ளையின் பாராட்டுக்குத் தாவுவது நான்தான், அந்தத் தாவலுக்கு உரிய எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் விழும் ஒவ்வொரு பந்துக்கும் சபாஷ் என்றால் பத்து நிமிடத்தில் அது எதிர்பார்த்த ஒன்றாகிவிடும். அதன் பிறகு அது எதையும் கற்பிக்காது. சொல்லாமல் விட்டால் மட்டும் அவளுக்கு உறுத்தும்.

திசை இல்லாத செய்தியிலிருந்து எப்படித்தான் கற்பது? தேடித்தான். கை ஒவ்வொரு முறையும் சற்று மாறுபட்டுப் போக வேண்டும். அந்த மாறுபாடுகளில் எது பலித்ததோ அதன் பக்கம் கொஞ்சம் சாய வேண்டும். வெகுமதிக் கற்றல் மெதுவாக நடப்பதற்குக் காரணம் இது. நம் அசைவின் தடுமாற்றத்தைக் குறையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். மாஸ்கோவில் 1920களில் நிக்கலாய் பெர்ன்ஸ்டைன், சுத்தியலால் உளியை அடிக்கும் தேர்ந்த தொழிலாளர்களின் மூட்டுகளில் சிறு விளக்குகளைக் கட்டிப் படமெடுத்தார். அடி விழுந்த இடம் ஏறக்குறைய மாறவில்லை. தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவை சென்ற வழி மட்டும் அடிக்கு அடி மாறிக்கொண்டிருந்தது. நல்ல கைக்கு மாறுபாடு எதிரியாக இருந்ததில்லை. தேவையான இடத்தில் அதை அடக்கி, தேவையற்ற இடத்தில் அவிழ்த்துவிட அதற்குத் தெரிகிறது.

இந்த அவிழ்ப்பை மூளையே ஒரு குழாயைப் போலத் திறந்து மூடுகிறது என்று காட்டும் சோதனை ஒன்று உண்டு. ஷட்மேரின் குழுவினர் 2015இல் வெளியிட்டது. வீச்சு பலித்தால் அடுத்த வீச்சு ஏறத்தாழ அதே பாதையில் போகிறது. பலிக்காவிட்டால் அடுத்த வீச்சின் மாறுபாடு கூடுகிறது; கை வேறு ஏதாவது முயன்று பார்க்கிறது. டோபமைன் செல்கள் அழியும் பார்க்கின்சன் நோயாளிகளிடம் இந்தக் கூடுதல் மிகவும் குறைவாக இருந்தது. தோற்றும் அவர்கள் கை புதிதாக எதையும் தேடவில்லை. என் அறையில் நான் பலமுறை பார்த்துக் காரணம் புரியாமல் நின்ற ஒன்றுக்கு அந்தக் கட்டுரையில் பெயர் கிடைத்தது.

இரண்டு கற்றலும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விட்டாலும் ஒன்றாகிவிடுவதில்லை. இசாவாவும் ஷட்மேரும் 2011இல் ஒரு குழுவுக்குப் புள்ளியைக் காட்டினார்கள். இன்னொரு குழுவுக்குப் புள்ளியை மறைத்து, கை சரியான திசையில் போனால் இலக்கு வெடித்துச் சிதறுவதை மட்டும் காட்டினார்கள். திருகலைச் சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். இரு குழுவினரும் கையை ஏறக்குறைய ஒரே அளவு திருப்பக் கற்றுக்கொண்டார்கள். பிறகு "உங்கள் கை எங்கே போனது?" என்று கேட்டபோதுதான் வேறுபாடு தெரிந்தது. புள்ளியைப் பார்த்துக் கற்றவர்கள் தங்கள் கை இருந்த இடத்தையே தவறாகக் காட்டினார்கள். அவர்களுடைய உள்வரைபடமே நகர்ந்திருந்தது. வெடிப்பை மட்டும் பார்த்தவர்களின் வரைபடம் அப்படியே இருந்தது, செய்யும் செயல் மட்டும் மாறியிருந்தது. முதல் குழுவின் கற்றல் பக்கத்துத் திசைகளுக்கும் பரவியது. இரண்டாவது குழுவினுடையது பழகிய திசையோடு அதிகம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து, எது நிலைக்கிறது என்ற கேள்வி. கலியாவும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் மூன்று குழுக்களுக்கு அதே திருகல் பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு இலக்கை நெருங்க நெருங்க மதிப்பெண்கள் கூடும். ஒரு குழுவுக்கு விலக விலக மதிப்பெண்கள் கழியும். மதிப்பெண்களுக்குப் பண மதிப்பு உண்டு. மூன்றாவது குழுவுக்கு வீச்சோடு தொடர்பில்லாத மதிப்பெண்கள். இழப்புக்கு அஞ்சியவர்கள் வேகமாகக் கற்றார்கள். திரையில் புள்ளி காட்டுவதை நிறுத்திய பிறகு, கற்றதை அதிகம் தக்கவைத்துக்கொண்டவர்கள் வெகுமதி பெற்றவர்கள். அழகான முடிவு, பயிற்சி முகாம்களில் உடனே மேற்கோளாகிவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம். விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழகுவது, விரலால் அழுத்தும் விசையைத் திரையில் நகரும் குறிக்கு ஏற்பக் கூட்டிக் குறைப்பது என்று வேறு வகைப் பணிகளில் செய்து பார்த்தபோது இதே ஒழுங்கு கிடைக்கவில்லை. தண்டனை ஒரு பணியில் உதவியது, மற்றொன்றில் கெடுத்தது. ஆகவே "தண்டனை வேகம் தரும், வெகுமதி நிலைப்பு தரும்" என்று சுவரில் எழுதி மாட்டிவிட வேண்டாம்.

எனக்கு அதிக நம்பிக்கை தந்தது தெரியன், வோல்பர்ட், பாஸ்டியன் 2016இல் சிறுமூளை நோயாளிகளோடு செய்தது. பிழையிலிருந்து கற்கும் வழி பழுதானவர்களுக்கு வெகுமதி வழி திறந்திருக்குமா என்பது கேள்வி. அவர்கள் புள்ளியை மறைத்துவிட்டு, வீச்சு வேண்டிய திசையில் கடைசி 10 வீச்சுகளின் சராசரியைவிடச் சிறிதளவு முன்னேறினாலே "வெற்றி" என்று காட்டினார்கள். முன்னேற முன்னேற அளவுகோலும் நகரும். இந்த வழியில் நோயாளிகளும் கற்றார்கள், கற்றதை வைத்துக்கொண்டார்கள். ஆனால் மெதுவாக. கை தானாகத் தடுமாறுவதற்கும் தேடிப் பார்ப்பதற்கும் வித்தியாசம் தெரிந்தால்தானே எந்த அசைவு பலித்தது என்று மூளை கணக்கு வைக்க முடியும்? தடுமாற்றம் அதிகமானால் அந்தக் கணக்கு கலங்கிவிடுகிறது.

நான் பார்த்துவந்த ஒருவர், சிறுமூளையில் பாதிப்பு வந்தவர், தண்ணீர்க் குவளையை எடுக்கக் கையை நீட்டும்போது கை குவளையைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டும். பல வாரங்கள் நான் "கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம், தாண்டிவிட்டீர்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொல்லச் சொல்ல ஊசலாட்டம் கூடியது. பிறகு வாயை மூடிக்கொண்டு, மேசையில் ஒரு தட்டு அளவு வட்டத்தை ஒட்டினேன். விரல் அதற்குள் விழுந்தால் ஒரு மணியோசை, விழாவிட்டால் ஒன்றுமில்லை. ஐந்தில் மூன்று விழுந்தால் வட்டத்தைக் கொஞ்சம் சிறிதாக்குவேன். அவர் குணமாகிவிடவில்லை. குவளையை இரு கைகளாலும் அணைத்துப் பிடிக்கும் அளவுக்கு வீச்சு ஒடுங்கியது, அதற்கு இரண்டு மாதங்கள் பிடித்தன. ஒரே ஒருவரின் கதை, எதையும் நிரூபிக்காது. என் பழக்கம் ஒன்று மாறியது என்பதற்காகச் சொல்கிறேன்.

நேர்மாறான உத்தியும் என் துறையில் இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு காலின் எட்டு நீளமாகவும் மற்றக் காலின் எட்டு குட்டையாகவும் விழுபவர்களை, இரண்டு பட்டைகள் வெவ்வேறு வேகத்தில் ஓடும் நடைப்பொறியில் நடக்க வைக்கிறார்கள். வேகங்களை அமைக்கும் விதத்தில்தான் சூட்சுமம்: ஏற்றத்தாழ்வு குறைவதற்குப் பதிலாக முதலில் அதிகமாகும்படி அமைப்பார்கள். பிழை பெருகியதும் சிறுமூளை விழித்துக்கொண்டு திருத்துகிறது. பட்டைகளைச் சமமாக்கியதும், நான் திரையின் கீழ் அனுபவித்த அதே பின்விளைவு, இங்கே நடை கொஞ்ச நேரம் சீராக விழுகிறது. பாஸ்டியன், ரீஸ்மன் குழுவினர் 2007இல் இதைக் காட்டினார்கள். அந்தச் சீர்மை சீக்கிரம் கரைந்துவிடும். பல வாரங்கள் திரும்பத் திரும்பச் செய்தபோது சிலரிடம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

பயிற்சியாளரின் வாய்க்குத் திரும்புகிறேன். 1984இல் சால்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து ஒரு சங்கடமான கருத்தைச் சொன்னார்கள்: வெளியிலிருந்து அடிக்கடி வரும் பின்னூட்டம் பயிற்சி நேரத்தில் கையைப் பிடித்து நடத்துகிறது, அதனாலேயே கற்பவர் தன் சொந்த உணர்வுகளைப் படிக்கக் கற்பதில்லை. 1990இல் வின்ஸ்டீனும் ஷ்மிட்டும் ஒரு குழுவுக்கு ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் விளைவைச் சொன்னார்கள். மற்றொரு குழுவுக்குப் பாதி முயற்சிகளுக்கு மட்டும், அதுவும் தொடக்கத்தில் அடிக்கடியும் போகப் போக அரிதாகவும். பயிற்சியின்போது இரு குழுக்களும் ஏறக்குறைய சமம். ஒரு நாள் கழித்துச் சோதித்தபோது பாதி மட்டும் கேட்டவர்கள் முந்தியிருந்தார்கள். பயிற்சிக் கூடத்தில் நன்றாகத் தெரிவதும் கற்றலும் ஒன்றல்ல என்பதை இத்துறையில் பலரும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். பெற்றோர் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பது எப்போதும் முதலாவதைத்தான்.

உங்கள் மகளின் மேசையைப் பாருங்கள். பந்து வலையில் பட்டால் தாழ்ந்தது. மேசையைத் தாண்டினால் நீண்டது. எவ்வளவு என்பதும் கண்ணில் படுகிறது. திசையும் அளவும் உடனடித்தன்மையும் உள்ள பிழைச் செய்தி, யாரும் வாயைத் திறக்காமலேயே, ஒவ்வொரு அடிக்கும் வந்துவிடுகிறது. "வலையில் அடித்துவிட்டாய்" என்று அதன் மேல் பழைய பயிற்சியாளர் சொல்வது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி. பந்தால் சொல்ல முடியாதவை சில உண்டு: மட்டையின் முகம் எவ்வளவு திறந்திருந்தது, எடை எந்தக் காலில் இருந்தது, சுழல் எதனால் குறைந்தது. அவற்றுக்குப் பயிற்சியாளர் வேண்டும். அவற்றையும் அடிக்கு ஒன்றாகச் சொல்லாமல், பத்துப் பந்துகளைப் பார்த்துவிட்டு, திசையோடும் அளவோடும் ஒன்றைச் சொன்னால் போதும். "மட்டை சரியில்லை" என்பது அந்த 1932ஆம் ஆண்டுச் சோதனையின் "தவறு" குழுவுக்குச் சொன்ன சொல். "மட்டையின் மேல் விளிம்பை ஒரு விரல் அளவு முன்னால் சாய்" என்பது மற்றக் குழுவுக்குச் சொன்னது.

புதியவரின் மௌனத்தில் எனக்குப் பிடித்த அம்சம் அவள் தன் கையைத் தானே கேட்கிறாள் என்பது. பிடிக்காதது, எதற்குச் சபாஷ் என்பது தெளிவாக இல்லாதது. அவர் ஏற்றுக்கொள்வார் என்றால் ஒரு யோசனை. சர்வீஸ் பழகும் நேரத்தில் மேசையின் எதிர்மூலையில் ஒரு தாளை வையுங்கள். பத்தில் ஆறேழு அதன் மேல் விழும் அளவுக்கு அது பெரிதாக இருக்கட்டும். எட்டு விழத் தொடங்கியதும் தாளை மடித்துச் சிறிதாக்குங்கள். ஐந்துக்குக் கீழே போனால் மறுபடி விரியுங்கள். இந்த எண்கள் என் கைப்பழக்கம்தான், ஆய்விலிருந்து எடுத்தவை அல்ல. வெற்றி நிச்சயமாகிவிடாமலும் எட்டாமல் போகாமலும் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். இரண்டு ஓரங்களிலும் வெகுமதிச் செய்தி செத்துப்போகிறது. தாளில் பந்து படும் ஓசையே சபாஷ் ஆகிவிடும். அவள் தவறவிட்ட பந்துக்கு அடுத்த பந்தில் கை கொஞ்சம் வேறுவிதமாகப் போனால் "ஏன் மாற்றுகிறாய்?" என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம். அவள் கை தேடிக்கொண்டிருக்கிறது.

பழைய பயிற்சியாளரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் ஒன்று இருக்கிறது. புதிய மட்டையோ புதிய ரப்பரோ வாங்கினால், அல்லது முற்றிலும் புதிய அடி ஒன்றைத் தொடங்கினால், முதல் சில நாட்களுக்குப் பேச்சு கூடுதலாக இருக்கலாம். எந்தப் பக்கம் தேடுவது என்பதே தெரியாதவளைத் தனியாகத் தேடவிடுவது வீண் அலைச்சல். அந்தக் கட்டம் கடந்த பிறகு பேச்சைப் பாதியாக்குங்கள், பிறகு அதிலும் பாதி.

நீங்கள் ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் என்பதால் உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். அவள் சர்வீஸ் அடித்ததும் பந்து விழுந்த இடத்தை அவள் பார்க்க முடியாதபடி நடுவில் ஒரு துணியைத் தொங்கவிட்டு, எங்கே விழுந்திருக்கும் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். பிறகு துணியை விலக்கிக் காட்டுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் இருபது பந்துகள் போதும். அவள் சொன்ன இடத்துக்கும் பந்து விழுந்த இடத்துக்கும் உள்ள தொலைவை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அந்தத் தொலைவு சுருங்கிக்கொண்டு வந்தால், எந்தப் பயிற்சியாளர் இருந்தாலும் அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். இரண்டு மாதமாகியும் அப்படியே நின்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், நோட்டின் எண்களோடு.